பிரிண்ட் கோடு கோடாக வருகிறது, ஸ்கேனரைப் புதுக் கணினி கண்டுகொள்ளவில்லை. பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த பழைய ஆல்-இன்-ஒன்னைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். சில வருடம் பழைய இங்க்ஜெட் ஆல்-இன்-ஒன். யூஎஸ்பி கேபிளில் இணைத்திருக்கிறீர்கள். எப்போதாவது ஒரு தாள்தான் அச்சடிக்கிறீர்கள். இப்போது எழுத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது, நீலம் வரவே இல்லை. கணினியை மாற்றி விண்டோஸ் 11 வந்தபின் ஸ்கேனரும் காணாமல் போய்விட்டது.

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பவை இரண்டு தனித்தனி இயந்திரங்கள். இங்க்ஜெட் சும்மா கிடந்தால் கெடும். ஸ்கேனர் சும்மா கிடந்து கெடுவது அபூர்வம். அதற்கு வரும் கேடு பெரும்பாலும் கணினிப் பக்கத்திலிருந்து வருவது. உங்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் வந்துவிட்டதால் மொத்தமாகப் போய்விட்டது என்று தோன்றுகிறது.

முதலில் பிரிண்டர். ‘ஹெட்’ என்ற பகுதியில் இங்க் வெளியேறும் துளைகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தால் இங்க்கில் உள்ள நீர் காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். மெனுவில் ‘நாஸில் செக்’ என்று இருக்கும், அதை அச்சடித்துப் பாருங்கள். எந்த நிறத்தில் எந்த இடத்தில் இடைவெளி என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் ‘ஹெட் கிளீனிங்’ ஒருமுறை, மறுபடி நாஸில் செக். இப்படி இரண்டு மூன்று தடவைக்கு மேல் விடாமல் ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு கிளீனிங்கிலும் பம்ப் நல்ல இங்க்கையும் சேர்த்து உறிஞ்சி, அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டைக்குத்தான் அனுப்புகிறது. பல மாடல்களில் அந்தப் பட்டை நிரம்பிவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலையையே நிறுத்திவிடும். கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். புதிதாக வந்த இங்க் ஊறிக் காய்ந்ததைக் கரைக்க நேரம் வேண்டும். காலையில் ஒரு கிளீனிங் போட்டால் முந்தைய நாள் மூன்று போட்டதைவிட நன்றாக வரும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஹெட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுப்புக்கு ஒன்று, மூன்று நிறத்துக்கும் சேர்த்து ஒன்று என்று இரண்டே கார்ட்ரிட்ஜ் இருந்தால், பெரும்பாலும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கும். நீங்கள் அதிர்ஷ்டசாலி. புதுக் கார்ட்ரிட்ஜ் என்றால் புது ஹெட். வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்: கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, செம்புத் தொடுமுனைகளில் கை படாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவில் துளைகள் படும்படி ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். மூன்று நிறக் கார்ட்ரிட்ஜ் என்றால் டிஷ்யூவில் மூன்று நிறப் பட்டைகள் பதிய வேண்டும். நீலப் பட்டை மட்டும் இல்லை என்றால் ஒன்று அந்த அறை காலி, அல்லது அடைப்பு இன்னும் விடவில்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி டேங்க் இருக்கும் மாடல் என்றால் ஹெட் அநேகமாக இயந்திரத்தோடு சேர்ந்தது, அதைக் கழற்றுவது கொஞ்சம் வேலை. ஊசியால் திரவத்தை அழுத்தி ஏற்றும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அழுத்தம் கூடினால் ஹெட் மொத்தமாகப் போய்விடும் என்பதால், எப்படியும் தூக்கிப்போடப் போகிறோம் என்ற நிலைக்கு வந்தபின்தான் அதில் கை வைப்பேன்.

சரியாகிவிட்டால் இரண்டு பழக்கங்கள் போதும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு தாள் அச்சடியுங்கள். அப்புறம், பிரிண்டரை அதன் சொந்த பட்டனில் அணையுங்கள், சுவர் சுவிட்சில் அல்ல. பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிமேல் உட்கார்ந்த பிறகுதான் அணையும். நடுவில் மின்சாரத்தை வெட்டினால் ஹெட் திறந்தபடியே நின்று காயலாம். ‘இங்க் காய்ந்துவிட்டது’ என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த சுவிட்சை அணைக்கிறீர்கள் என்றுதான்.

வாரம் ஒரு தாள்கூட எனக்குத் தேவைப்படாதே என்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு இங்க்ஜெட்டே பொருத்தமில்லை. வெறும் எழுத்துதான் என்றால் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்குங்கள். டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகித் தாளில் ஒட்டுகிறது, மாதக்கணக்கில் கிடந்தாலும் காய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. இங்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் மறந்தும் அதில் போட்டுவிடாதீர்கள், உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும்.

இனி ஸ்கேனர். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பலர் நல்ல ஸ்கேனரை வீணாகக் குப்பையில் போடுவதும் இங்கேதான். விண்டோஸ் 11இல் 32-பிட் பதிப்பே (பழைய வகைக் கணினிகளுக்கானது) கிடையாது. பழைய 32-பிட் டிரைவரோடு (கருவியோடு கணினி பேச உதவும் மென்பொருள்) மட்டும் வந்த ஸ்கேனர் அதில் தானாக வேலை செய்யாது. கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் நன்றாகவே இருக்கும். பேசத் தெரிந்த மென்பொருள்தான் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: விண்டோஸ் தானாக நிறுவும் டிரைவர் பல சமயம் அச்சடிக்க மட்டும் போதுமானது. பிரிண்ட் ஆகும், ஸ்கேன் ஆகாது. அதனால் முதலில் தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 10, 64-பிட் முழுத் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்துக்கு எழுதியது பெரும்பாலும் பதினொன்றிலும் ஓடும்.

அங்கே கைவிரித்துவிட்டால் வியூஸ்கேன். 1998 முதல் இருக்கும் மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர்களுக்கான டிரைவர்களைத் தானே வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் இலவச சோதனைப் பதிப்பில் படத்தின்மேல் குறி விழுந்தாலும் உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். காசே செலவழிக்க மாட்டேன் என்றால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். அதன் வகைகளான உபுண்டுவையோ மின்ட்டையோ ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் துவக்கலாம். உள்ளேயே ஸ்கேன் செயலி இருக்கும். விண்டோஸ் கைவிட்ட எத்தனையோ ஸ்கேனர்கள் அங்கே செருகியதும் எழுந்து உட்காருகின்றன. எல்லா மாடலுக்கும் இது நடக்காது என்பதால் லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் ‘சேன்’ (SANE) திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் முதலில் தேடுங்கள். நாப்ஸ்2 என்ற இலவசச் செயலியையும் சிலர் சொல்வார்கள். நல்ல செயலி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் ஆக்க அருமையானது. ஆனால் டிரைவர் இல்லாத குறையை அது தீர்க்காது.

சில ஆல்-இன்-ஒன்கள் இங்க் தீர்ந்தாலோ கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டாலோ ஸ்கேனும் செய்ய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். நியாயமே இல்லாத வடிவமைப்பு. பிரிண்டர் பகுதியைக் கைவிட முடிவு செய்தாலும் காலி கார்ட்ரிட்ஜ்களைக் கழற்றாமல் உள்ளேயே விட்டு வையுங்கள்.

ஸ்கேனர் ஓட ஆரம்பித்ததும் 1200, 4800 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று பெரிய எண்களைத் தேடிப் போகாதீர்கள். பெட்டியில் அச்சிட்ட மிகப் பெரிய எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கியது. ‘ஆப்டிகல்’ என்று போட்டிருப்பதுதான் நிஜம். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள், சுருக்காத வண்ணப்படம் 26 எம்பி அளவில் வரும். 1200 என்றால் அதைப்போல் 16 மடங்கு, வாசிக்க ஒரு எழுத்துகூடக் கூடாது. புகைப்படத்துக்கு 600 தாராளம், நெகட்டிவுக்குத்தான் அதற்கு மேல் வேண்டும். ஆனால் தமிழ்ப் பக்கத்தை எழுத்துணரிக்கு (படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 300க்குக் கீழே இறங்காதீர்கள், ஜேபெக்கை அதிகம் சுருக்கவும் வேண்டாம். முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிட்டால் திருத்த உட்காருவதற்குப் பதில் மறுபடி ஸ்கேன் செய்வதே சுலபம்.

இருபுறமும் அச்சான மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்து மூடுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளிக்க வேண்டும், நேரே கண்ணாடிமேல் அல்ல. ஓரத்தில் இறங்கினால் உள்பக்கம் கறை பிடிக்கும். மேலே தாள்களைத் தானாக இழுக்கும் ஊட்டி உள்ள மாடலில், அந்த ஊட்டி வழியாக ஸ்கேன் செய்யும்போது மட்டும் நீளமாக ஒரு கோடு வந்தால், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒல்லியான கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள். தாள் நகரும்போது அந்த ஒரே இடத்தில்தான் படிக்கிறது, அதில் ஒட்டிய ஒரு துளி பசை போதும், பக்கம் முழுக்கக் கோடு.

மாடல் எண்ணையும் நாஸில் செக் தாளின் படத்தையும் போடுங்கள். ஹெட் எந்த வகை, ஸ்கேனருக்கு லினக்ஸில் வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.