வாசகர் கேள்வி – பதில்: சம்பளத்துக்குப் பந்து உதைத்தவர்கள்

கேள்வி: நம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தவர் ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்புக்கு ஆடினாராமே, உண்மையா? ஒரு நூலில் 309 ஆட்டம் என்கிறது, இன்னொன்றில் அதைவிடக் குறைவு. எதை நம்புவது? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உண்மைதான். பெயர் அலெக்ஸ் பெல். 1882இல் பிறந்தார். தாய் தகப்பன் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆட்டம் பழகியதும் அங்கே ஏர் என்ற ஊரில்தான். அதனால் அவரை நம் ஊர்க்காரர் என்று ரொம்பவும் சொந்தம் கொண்டாட முடியாது. 1903இல் யுனைடெட்டில் சேர்ந்து பத்து ஆண்டு இடது ஹாஃப்-பேக்காக, அதாவது நடுவரிசையின் இடப்பக்கம் ஆடினார். 1908, 1911இல் லீக் பட்டம், 1909இல் எஃப்.ஏ. கோப்பை. 1912இல் ஸ்காட்லாந்துக்கு ஒரே ஓர் ஆட்டம்.

309 என்பது லீக், கோப்பை எல்லாம் சேர்ந்த கணக்கு. குறைந்த எண் லீக் ஆட்டம் மட்டும். இரண்டுமே சரி. இத்தனை ஆட்டத்தில் அவர் போட்ட கோல் பத்துதானா என்று ஏளனம் வேண்டாம். அன்றைய அணி பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். எதிரியின் முன்வரிசையை மறிப்பதும், பிடித்த பந்தைத் தன் ஆட்களுக்கு ஓட்டிக் கொடுப்பதும் நடு மூவரின் பாடு. கோல் போடுவது அவர்கள் வேலையே இல்லை.

கேள்வி: 1913இல் அலெக்ஸ் பெல்லை 1,000 பவுனுக்கு பிளாக்பர்ன் கிளப்புக்கு விற்றார்களாம். அவர் கைக்கு எவ்வளவு வந்திருக்கும்? – வாசகி, டோங்காட்

பதில்: அன்றைய விதிப்படி, புதுக் கிளப்பில் சேரும்போது ஆட்டக்காரருக்குக் கிடைத்த கையெழுத்துப் பணம் 10 பவுன். மீதி முழுவதும் விற்ற கிளப்புக்கு. 1901 முதல் வாரச் சம்பளத்துக்கு 4 பவுன் உச்சவரம்பு; 1910க்குப் பின் நீண்ட நாள் ஆடியவர்களுக்கு 5 வரை. வரம்பை மீறி மேசைக்கு அடியில் பணம் வாங்கியதற்காக 1906இல் மான்செஸ்டர் சிட்டியின் 17 ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

சம்பள வரம்பைவிடப் பெரிய கைவிலங்கு, ஆட்டக்காரரைக் கிளப்போடு கட்டிப்போட்ட பதிவுச் சீட்டு. பருவம் முடிந்ததும் கிளப் தன் 'வைத்துக்கொள்ளும் பட்டியலில்' பெயரைப் போட்டுவிட்டால், ஒப்பந்தம் தீர்ந்திருந்தாலும் அவர் வேறு லீக் கிளப்பில் கால் வைக்க முடியாமல் இருந்தது. ஹாரி கிங்கபி என்ற ஆட்டக்காரர் ஆஸ்டன் வில்லா கிளப்மீது வழக்குப் போட்டு 1912இல் தோற்றார். அந்தக் கட்டு நீதிமன்றத்தில் தளர்ந்தது 1963இல்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா 1910களில் டர்பனில் 'புரொபஷனல்' ஆட்டக்காரர் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு வெள்ளிப் பதக்கமும் இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது? – வாசகர், லெனேசியா

பதில்: சம்பளம் வாங்கியிருக்க வாய்ப்பில்லை. இந்நாட்டில் சம்பள லீக் 1959இல்தான், அதுவும் வெள்ளையருக்கு. நிறபேதம் பார்க்காத லீக் 1961இல். தாத்தா காலத்தில் இந்தியர்களுக்கு இருந்தது சாம் சைனா கோப்பை என்ற கால்பந்துப் போட்டி. வாரம் முழுக்க வேலை, ஓய்வு நாளில் பந்து. அதனால் ஆட்டம் மட்டம் என்று ஆகிவிடாது.

பதக்கத்தை மெருகேற்றாதீர்கள், தேய்த்தால் முத்திரை போய்விடும். பின்புறத்தை லென்ஸில் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்து வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காமில் முத்திரை இட்டது. பக்கத்து எழுத்து ஆண்டைச் சொல்லும். அதே எழுத்து பல சுற்றுகளில் வரும், ஆகவே எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே வெள்ளி முத்திரைப் பட்டியலில் ஒப்பிடுங்கள். அது முத்திரை இட்ட ஆண்டு. கோப்பை வென்ற ஆண்டு பிந்தியதாக இருக்கலாம்.

அடுத்து, அந்த ஆண்டிலிருந்து முன்னோக்கி, இங்கே இந்தியர்களுக்காக அந்நாளில் வந்த 'இந்தியன் ஒப்பினியன்' செய்தித்தாள் இதழ்களைப் புரட்டுங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. கவுண்டர் கோவெண்டராக, முதலி மூட்லியாக, பிள்ளை பில்லேயாக அச்சாகியிருக்கும். பல இடங்களில் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டுமே. ஊரும் அணியும் ஒத்துவந்தால்தான் அது உங்கள் தாத்தா.