கார் இன்ஜின் மவுண்டிங்கை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். இன்ஜினை வண்டி பாடியோட பிடிச்சு நிறுத்தற ரப்பர் வெச்ச பிடிமானம்தான் மவுண்டிங், நான் மாத்தியிருக்கேன். ஆனா உங்க கேள்விக்குக் கீழ நீங்க எழுதியிருந்த விவரத்தைப் படிச்சதும் மனசு கேக்கலை, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன். "ஏசி போட்டா ஸ்டியரிங் நடுங்குது, கிளம்பும்போது டங்குனு சத்தம் வருது, ஒர்க் ஷாப்ல கிளட்ச் மாத்தணும்ங்கறாங்க." இதே மூணும் எனக்கு நடந்தது. நான் அவங்க பேச்சைக் கேட்டு கிளட்சை மாத்தினேன். 14,000 ரூபாய். வண்டியை எடுத்துட்டு வந்து வீட்டு வாசல்ல ரிவர்ஸ் போட்டேன். அதே டங்.

அதனால கிளட்சுக்கு இன்னும் சரின்னு சொல்லிடாதீங்க. முதல்ல பானெட்டைத் திறந்து வெச்சுட்டு, நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரை உள்ள உக்கார வைங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி மிதிக்கச் சொல்லுங்க. நீங்க வண்டிக்கு முன்னாடி நிக்கவே நிக்காதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க. முதல் கியர் போட்டு கிளட்சை லேசா விட்டதும் இன்ஜின் ஒரு பக்கமா சாயும். ரிவர்ஸ்ல எதிர்ப்பக்கம் சாயும். கொஞ்சம் சாயறது சகஜம், அதுக்குத்தான் அங்க ரப்பரே இருக்கு. எழும்பி விழற மாதிரி குதிச்சா மவுண்டிங்தான்.

என் கதையைச் சொல்லிடறேன். வீடு சேலம் கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டுல. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, வாரத்துல ஆறு நாள் ஏறி இறங்கறேன். வண்டி 2012 மாடல், மூணு சிலிண்டர். எந்தக் கம்பெனின்னு சொல்லலை, சொன்னா அந்த வண்டியைக் குறை சொல்றேன்னு சிலர் சண்டைக்கு வருவாங்க. வண்டி மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. மூணு சிலிண்டர்னாலே ஐடில்ல, அதாவது வண்டி நின்னு இன்ஜின் மட்டும் சும்மா ஓடும்போது, கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அந்த ஆட்டத்தைத்தான் மவுண்டிங் ரப்பர் வாங்கிக்குது.

இன்ஜின் சக்கரத்தைச் சுத்த வைக்கும்போது தானும் எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தறதும் இதே மவுண்டிங்தான். முதல் கியர்ல அந்த முறுக்கு, நாலாவது கியர்ல இருக்கறதைப்போல மூணு மடங்குக்கு மேல. சமவெளியில ஓட்டறவங்க முதல் கியர்ல எவ்வளவு நேரம் இருப்பாங்க? நான் ஒவ்வொரு வளைவுலயும் அங்கதான் இருக்கேன்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், நீங்க கேட்டதுக்குச் சம்பந்தம் இல்லைன்னாலும். சனி, ஞாயிறுலயும் மே மாசத்துலயும் வெளியூர் வண்டிகள் மேல இருந்து வளைவோட உள்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. ஏறிக்கிட்டு இருக்கற நான் நட்ட நடு வளைவுல நின்னு, அரை கிளட்ச்ல மறுபடி இழுத்துக்கிட்டு கிளம்பணும். குறுகலான மலைப்பாதையில இறங்கற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும். 1989-லயே மத்திய அரசு போட்ட சாலை விதியில இது வந்துடுச்சு. எங்க பஸ் டிரைவருங்க வளைவுக்கு மேலயே நிறுத்தி, லைட் அடிச்சு "வா"ன்னு கூப்பிடுவாங்க. கார்ல வர்றவங்க ஹாரன் அடிக்கறாங்க. இதுல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல வேற இறங்கறாங்க. கியர்ல இருந்தா இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும், நியூட்ரல்ல மொத்த பாரமும் பிரேக் மேலதான் விழும். பிரேக் சூடாகி பிடிக்காம போனா எதிர்ல ஏறிக்கிட்டு இருக்கறது நாங்கதானே. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கிளட்ச் மாத்தியும் சத்தம் போகலைன்னதும் அம்மாப்பேட்டையில இருக்கற எங்க மாமாகிட்ட போனேன். அம்மாவோட தம்பி. சங்ககிரி லாரிப் பட்டறையில முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வண்டியை ஐடில்ல விட்டதும் கதவு மேல கையை வெச்சார். "என்னடா மாப்ள, பக்கத்து வீட்டுத் தறி ஓடற மாதிரி ஓடுது"ன்னார். அப்புறம் இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி, அதான் சம்பு, அதுக்குக் கீழ கட்டை வெச்சு ஜாக்கியைக் கொடுத்து, இன்ஜினை ஒரு விரக்கடை தூக்கினார். அதுவரைக்கும் முழுசா தெரிஞ்ச பின்பக்க மவுண்டிங் ரப்பர், நடுவுல வாயைப் பொளந்துச்சு. ஜாக்கியை இறக்கினா மூடிக்கிச்சு. மேல இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா யார் கண்ணுக்கும் தெரியாது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கும் லேசா வெடிச்சிருந்தது. இன்ஜின் மேல்மூடி, அதான் டேப்பட் கவர், அதோட பேக்கிங் கசிஞ்சு, ஆயில் சொட்டின பக்கத்து ரப்பர் களி மாதிரி ஆகியிருந்தது, நகத்தை வெச்சா உள்ள போச்சு. உங்க வண்டியில ஆயில் கசிவு இருந்தா அதை முதல்ல சரி பண்ணுங்க. இல்லைன்னா புது ரப்பருக்கும் அதே கதிதான்.

ஞாயித்துக்கிழமை வெச்சுக்கிட்டோம். எங்க தெரு சரிவு, அதனால மாமா வீட்டு முன்னாடி சிமெண்ட் தரையில. முன்பக்கத்தைத் தூக்கி ரெண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் வைக்காதீங்க, சொல்லாம கொள்ளாம நொறுங்கிடும். ஸ்டாண்ட் இருந்தும் மாமா ஸ்டெப்னியைக் கழட்டி வண்டிக்கு அடியில படுக்கப் போட்டார். பேட்டரி வயரைக் கழட்டியாச்சு. இன்ஜினுக்குத் தனி ஜாக்கி. அதுக்கும் சம்புக்கும் நடுவுல, வாசல் நிலை செஞ்சப்போ மிஞ்சின வேங்கைக் கட்டை. சம்பு மெல்லிசு தகடு, ஜாக்கி தலையை நேரா கொடுத்தா உள்ள குழிஞ்சிடும். கட்டையை வெச்சா பாரம் பரவும்.

மூணு மவுண்டிங்கையும் அன்னிக்கே மாத்தினோம், ஆனா ஒண்ணை மாட்டி முடிச்ச பிறகுதான் அடுத்ததுல கை வெச்சோம். எல்லாத்தையும் சேர்த்துக் கழட்டினா இன்ஜின் இடம் மாறிடும், சைலன்சர் பைப்பும் ஹோஸும் இழுபடும். பின்பக்க போல்ட்டு துரு பிடிச்சிருந்தது, முந்தின நாள் ராத்திரியே ஸ்பிரே அடிச்சு ஊற விட்டிருந்தோம்.

புதுசை மாட்டும்போது துளை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா வரலை, ஒரு நூல் அளவு தள்ளி நின்னுச்சு. நான் பொறுமை இல்லாம போல்ட்டைச் சாய்ச்சுக் கொடுத்து ஸ்பேனரைப் போட்டேன். மாமா என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். "போல்ட்டை இழுக்காத, இன்ஜினை நகத்து. விரல்லயே நாலு சுத்து போகணும். போகலைன்னா துளை நேரா இல்லைன்னு அர்த்தம்"னார். போல்ட்டை வெளிய எடுத்துப் பார்த்தேன், முனையில அலுமினியத் தூள் மினுக்கிச்சு. கியர்பாக்ஸ் கூடு அலுமினியம், போல்ட்டு இரும்பு. இன்னும் அரைச் சுத்து விட்டிருந்தா கூட்டுல த்ரெட் (மறை) போயிருக்கும், அப்புறம் கியர்பாக்ஸை இறக்கி லேத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். ஜாக்கி கைப்பிடியை ஒரு பொட்டு அழுத்தினார், இன்ஜின் அசைஞ்சது, போல்ட்டு விரல்லயே உள்ள போச்சு.

எல்லா போல்ட்டையும் கையிறுக்கமா விட்டுட்டு, ஜாக்கியை மெதுவா இறக்கி, இன்ஜின் தன் பாரத்துல மவுண்டிங் மேல உக்காந்த பிறகுதான் முழு இறுக்கம் கொடுத்தோம். தூக்கி வெச்சபடியே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், புது மவுண்டிங்லயும் நடுக்கம் வரும். அளவு பார்த்து இறுக்கற டார்க் ரெஞ்சை, தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட வாங்கி வெச்சிருந்தேன். எவ்வளவு இறுக்கம்ங்கறது வண்டிக்கு வண்டி மாறும், உங்க சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. நான் ஒரு எண்ணைச் சொல்லி நீங்க அதை வெச்சு இறுக்க வேண்டாம்.

மெக்கானிக் அண்ணன்மார் யாரும் கோபிக்கக் கூடாது. அந்த ஒர்க் ஷாப்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்லலை, மேல இருந்து பார்த்தா தெரியாதுன்னு நானே எழுதியிருக்கேன். ஜாக்கியைப் போட்டு ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான் என் ஆதங்கம். "பார்ட்ஸ் விலைக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து உயிரைப் பணயம் வைக்கணுமா"ன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இதுதான்: பக்கத்துல மாமா இல்லைன்னா நான் தொட்டிருக்க மாட்டேன். நீங்களும் தனியா படுக்காதீங்க. வாரண்டி இருந்தாலோ, பெரிய டீசல் வண்டியா இருந்தாலோ கம்பெனியிலயே விட்டுடுங்க.

மறுநாள் காலையில ஏறும்போது முதல் வளைவுல சத்தம் இல்லை. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே போனேன், இருபதாவதுலயும் இல்லை. சாயங்காலம் இறங்கி வந்ததும் போல்ட்டுகளை மறுபடி ஒரு தடவை செக் பண்ணினேன், ஒண்ணும் அசையலை.

ரிவர்ஸ்ல சத்தம் வருதான்னு நீங்க எழுதலை. பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, இன்ஜின் எந்தப் பக்கம் குதிக்குதுன்னு கீழ எழுதுங்க, மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்.