தாளின்றிக் கணக்குப் பேசிய ஹென்றி ஃபாசெட்

கேள்வி: எங்கள் பள்ளியில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பேச்சுப் போட்டிகளுக்கு ஆர்வத்தோடு ஆயத்தமாகி வருகிறார். கணினி வருவதற்கு முன்பே, அவரைப் போன்ற எவரேனும் பேரவைகளில் பேசிப் புகழ்பெற்றதுண்டா?
– தமிழாசிரியர், திருவையாறு

பதில்: உண்டு. அவர்களுள் காவிரிக்கரை மக்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒருவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாசெட். 1833இல் பிறந்த அவர், 1858இல் வேட்டைக்குச் சென்ற இடத்தில் தம் தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய குண்டுகள் பட்டு இரு கண்களையும் இழந்தார். பொதுவாழ்வில் ஈடுபடும் எண்ணத்தை அதன்பிறகும் அவர் கைவிடவில்லை. 1863இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியரான அவர், சில தேர்தல்களில் தோற்றபின், 1865இல் பிரைட்டன் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்குச் சென்றார்.

குறிப்புத்தாளைப் பார்த்துப் பேச இயலாத ஒருவர், பேசுவதற்கு வரவு செலவுக் கணக்கையே எடுத்துக்கொண்டார் என்பதுதான் பெரும் வியப்பு. அரசாங்க அறிக்கைகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு, தொகைகளை மனத்தில் பதித்துக்கொண்டு, எழுந்து நின்று அமைச்சர்களைக் கேள்வி கேட்டார். 1867இல் துருக்கி சுல்தானுக்காக லண்டனில் நடந்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் கணக்கில் எழுதியபோது அதைக் கண்டித்துப் பேசினார். இந்திய வருவாய் என்றால், தஞ்சாவூர்ச் சீமையில் நெல் விளைவித்தவர்கள் கட்டிய கிஸ்தியும் அதில் சேர்ந்ததுதானே!

1875இல் வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணச் செலவில் ஒரு பங்கை நம்மீது சுமத்தியதையும் அவர் எதிர்த்தார். அந்தப் பயணத்தில்தான் இளவரசர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். ஃபாசெட்டின் தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஆனால், அதற்கு முன்பே அவரை ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். 1874இல் அவர் பிரைட்டனில் தோற்று, ஹாக்னி தொகுதியில் மீண்டும் நின்றபோது, தேர்தல் செலவுக்கு இந்தியர்கள் நிதி திரட்டி அனுப்பினார்கள். 1880இல் அஞ்சல்துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1883இல் பிரிட்டனில் பார்சல் அஞ்சலைத் தொடங்கிவைத்த அவர், மறு ஆண்டே காலமானார்.

சபையினர் இரக்கப்பட்டு அவருக்குச் செவிகொடுத்ததாக எண்ண வேண்டாம். அவர் சொன்ன கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. உங்கள் மாணவருக்கும் எழுதிய உரையை வரிவரியாக மனப்பாடம் செய்விக்காமல், செய்திகளையும் புள்ளிவிவரங்களையும் வாசித்துக் காட்டி, குறுக்குக் கேள்விகள் கேட்டு, அவர் தம் சொற்களில் விடையளிக்கும்படி பழக்குங்கள். நடுவே ஒரு வரி மறந்தாலும் அவருக்குப் பேச்சு தடைப்படாது.