சாலை வந்தது, வருமானம் வந்ததா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிராமத்துக்குத் தார்ச்சாலை வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சாலை வந்தால் விவசாயி நிமிர்ந்துவிடுவான் என்றார்கள். விளைச்சலும் கூடவில்லை, விலையும் கூடவில்லை. கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் குறைந்திருக்கிறது. இதற்கா இத்தனை கோடி செலவு?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, ஆள் கிடைப்பது குறைந்தது என்று, சாலையின் பலன் அங்கேதான் இருக்கிறது.

பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்கும், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேருக்கு மேல் வசிப்பவற்றுக்கும் எந்த மழையிலும் போய்வரும்படி சாலை என்பது விதி. இந்த வரம்பு ஆய்வாளர்களுக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தது. 490 பேர் வாழும் ஊரும் 510 பேர் வாழும் ஊரும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாலை கிடைக்கும் வாய்ப்பு மட்டும் இரண்டாவதற்கு அதிகம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களின் 11,000-க்கும் மேற்பட்ட ஊர்களை இப்படி ஒப்பிட்டு, சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் விவசாயத்தை நம்பியிருந்த உழைப்பாளர்களின் பங்கு சுமார் 9 சதவீதப் புள்ளிகள் குறைந்து, ஏறக்குறைய அந்த அளவுக்கு விவசாயத்துக்கு வெளியே கூலி வேலை செய்பவர்களின் பங்கு கூடியிருந்தது. சாகுபடியிலோ வீட்டுச் சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை.

காரணம் எளிது. சாலை நிலத்தை விரிக்காது, கிணற்றில் நீரை ஊறவைக்காது. மண்டிக்குப் போகும் வண்டி வாடகை குறையும். ஆனால் ஊருக்கு ஒரே வியாபாரிதான் வருகிறார் என்றால் அந்த மிச்சம் அவர் பைக்குத்தான் போகும். இரண்டு மூன்று பேர் குட்டியானை எடுத்துக்கொண்டு போட்டிக்கு வரும்போதுதான் விலை விவசாயி பக்கம் சாயும். பால், பூ, தக்காளி போல நேரம் தவறினால் வீணாகும் பொருளில் பலன் சீக்கிரம் தெரியும். மாதக்கணக்கில் வைத்து விற்கும் தானியத்தில் அவ்வளவாகத் தெரியாது. நிலமில்லாதவருக்கோ சாலை உடனே கைகொடுக்கிறது: காலையில் டவுனுக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம், ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை. கூலி ஆள் குறைவது நிலம் வைத்திருப்பவருக்கு நெருக்கடிதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரின் கணக்கில் அதை நட்டமாக எழுதக் கூடாது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேருந்து ஓடாத சாலையில் பைக் வைத்திருப்பவருக்குத்தான் லாபம். வேலை நேரத்துக்கும் பள்ளி நேரத்துக்கும் பொருந்துகிற பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

கேள்வி: சாலையின் பொருளாதாரப் பலனைக் கணக்கிடும்போது நிலத்தின் விலை ஏற்றத்தையும் சேர்க்கலாமா?
– பொருளியல் மாணவி, மதுரை

பதில்: கூடாது. பயணச் செலவு குறைவதால்தான் நிலத்தின் விலை ஏறுகிறது. இரண்டையும் கூட்டினால் ஒரே பலனை இரண்டு முறை எண்ணியதாகும்.

சரியான முறைக்கு ஒரு கற்பனைக் கணக்கு: முன்பு நாளுக்கு 100 பயணம், ஒவ்வொன்றுக்கும் எரிபொருள், தேய்மானம், நேரம் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் செலவு. சாலை வந்தபின் செலவு 40 ரூபாய், பயணம் 150. பழைய பயணங்களுக்கு 100 × 20 = 2,000 ரூபாய் மிச்சம். புதிதாக வந்த 50 பயணங்களுக்கு முழு 20 ரூபாயையும் எழுதாதீர்கள். அவர்களில் சிலர் செலவு 59 ஆனதுமே கிளம்பியிருப்பார்கள், சிலர் 41 ஆகும்வரை காத்திருந்திருப்பார்கள். ஆகவே சராசரியாகப் பாதி: 50 × 10 = 500. மொத்தம் நாளுக்கு 2,500 ரூபாய். இதில் ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவைக் கழிக்க மறந்தால் மோசமான திட்டமும் நல்ல திட்டமாகத் தெரியும்.

கேள்வி: புதுச்சாலை இரண்டே மழையில் பெயர்ந்துவிடுகிறதே, தார் குறைவாகப் போட்டதாலா?
– வாசகர், தேனி

பதில்: அதுவும் இருக்கலாம், ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கிராமச் சாலையின் தார்க்கலவை பெரும்பாலும் 20 மி.மீ. தடிமன்தான். சுமையைத் தாங்குவது அதன் கீழே 75 மி.மீ. அடுக்குகளாக இட்டு ரோலர் ஓட்டிய ஜல்லியும், அதற்கும் கீழுள்ள மண்ணும். நீர் உள்ளே இறங்கி மண் இளகினால் மேலே எவ்வளவு தார் இருந்தும் பயனில்லை.

சாலை நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். ஆண்டு மழை 1,000 மி.மீ.க்குக் குறைந்த பகுதியில் சரிவு 3 சதவீதம். 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட சுமார் 5.6 செ.மீ. உயரம். கயிற்றின் ஒரு முனையை நடுச்சாலையில் வைத்து, கொத்தனாரின் ரசமட்டம் பார்த்து ஓரம்வரை இழுங்கள். ஓரத்தில் கயிற்றுக்கும் தாருக்கும் அந்த இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து, சாலையோர மண் தாரைவிட உயர்ந்திருந்தால் நீர் வெளியேறாமல் சாலையிலேயே தேங்கும். அந்த மண் அரித்துப் பள்ளமானாலோ, எதிர்வண்டிக்கு ஒதுங்கும் சக்கரம் தாரின் விளிம்பை உடைக்கும்.

பாரமும் உண்டு. ஓர் அச்சின் எடை இரட்டிப்பானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு (2 × 2 × 2 × 2: எடை எத்தனை மடங்கோ அதை நான்கு முறை பெருக்க வேண்டும்). நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 2018-இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். எடை 13 சதவீதம்கூட ஏறவில்லை, சேதமோ இதே கணக்கில் 60 சதவீதம் ஏறும். குவாரி லாரி ஓடும் கிராமச் சாலை ஏன் தாங்குவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

குழியை அடைக்கும்போது கவனியுங்கள்: ஓரங்களைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டி, தூசியும் ஈரமும் போக்கி, தார் பூசி, கலவை இட்டு இடித்து இறுக்க வேண்டும். வெறுமனே கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் போய்விடும்.

கேள்வி: பராமரிப்பு யார் பொறுப்பு?
– வாசகர், சிவகங்கை

பதில்: மேற்சொன்ன மத்தியத் திட்டத்துச் சாலை என்றால், போட்ட ஒப்பந்தக்காரரே முதல் ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அது அதே ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கான பணத்தை ஒதுக்குவது மாநில அரசு. சாலை முகப்பில் உள்ள தகவல் பலகையில் பணி முடிந்த தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடியும் முன்பே, மழைக்காலம் தொடங்குவதற்குள், படத்துடன் ‘மேரி சடக்’ செயலியில் புகார் பதியுங்கள். "சாலை மோசம்" என்று எழுதினால் போதாது. எத்தனையாவது கிலோமீட்டர், எந்தப் பக்கம், குழியின் நீள அகலம், அருகில் நீர்வழி அடைபட்டிருக்கிறதா என்று எழுதுங்கள்.