விளக்கு எரியாத வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செடியின் மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டைச் செருகி அதைக் கெடுத்து, என்ன நடக்கிறது என்று பார்த்து அந்த மரபணுவின் வேலையைக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. வீட்டில் ஒருவர் ஊருக்குப் போன அன்று விளக்கு எரியவில்லை என்றால், விளக்கேற்றுவதுதான் அவர் வேலையா? எண்ணெய் வாங்கி வருபவராகவும் இருக்கலாமே. கெடுக்கத்தான் வேண்டும் என்றால் ரசாயனமே போதாதா?

எங்கள் வகுப்பில் அராபிடாப்சிஸ் என்ற, ஆய்வகங்களில் வளர்க்கும் சின்னக் கடுகினச் செடியின் ஒரு செருகல் வரிசையை, அதாவது ஒரு மரபணுவில் துண்டு செருகப்பட்ட செடியின் வம்சத்தை, வளர்த்தோம். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு; தாய்ச்செடியில் ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தது. அதன் விதையில் முளைத்த 40 செடிகளைச் சோதித்தோம். இரண்டு பிரதியும் கெட்ட செடி ஒன்றுகூட இல்லை, எல்லாமே செழிப்பாக இருந்தன. இந்த மரபணுவால் பயன் இல்லை என்று எழுதலாமா?

ம.

அன்புள்ள ம.,

எண்ணெய் வாங்கி வருபவரைப் பற்றிய உங்கள் சந்தேகம் சரியானது. மெண்டலின் சுருங்கிய பட்டாணியையே பாருங்கள். 1866இல் வெளியான அவருடைய கட்டுரையில் இருக்கும் உருண்டை, சுருக்கம் என்ற வேறுபாடு எதனால் வந்தது என்பது 1990இல்தான் தெரிந்தது. சுமார் 800 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு தானாகவே வந்து ஒரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருந்தது. யாரும் செய்யாமல் இயற்கையிலேயே நடந்த செருகல் அது. அந்த மரபணு உண்டாக்கும் நொதியின் வேலை, மாவுச்சத்தின் சங்கிலியில் கிளை பிரிப்பது. அது இல்லாதபோது மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது, சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, பிஞ்சு விதை உப்பிவிடுகிறது. அப்புறம் காயும்போது அவ்வளவு தண்ணீரும் வெளியேற, தோல் மடிந்து சுருங்குகிறது. கிளை பிரிக்கும் நொதிக்கும் தோல் சுருக்கத்துக்கும் நடுவே எத்தனை படிகள்! ஆனால் விளக்கு எரியவில்லை என்பதே தெரியாமல் எண்ணெயைப் பற்றி யாரும் விசாரிக்கப் போவதில்லை.

ரசாயனம் போதாதா என்றால், கெடுக்கப் போதும். ஆனால் அது பெரும்பாலும் அங்கங்கே ஒற்றை எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டுப் போகும். கோடிக்கணக்கான எழுத்துகளில் கோளாறுக்குக் காரணமான மாற்றம் எங்கே என்று தேடுவது வருடக்கணக்கில் இழுக்கும் வேலையாக இருந்தது. மரபணுத்தொகுதி முழுவதையும் வாசிப்பது எளிதான பிறகுதான் அந்தச் சிரமம் குறைந்தது. செருகப்பட்ட துண்டு என்ன என்பது நமக்கு முன்பே தெரியும். அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறை மூலம் பக்கத்தில் இருப்பதை நகலெடுத்து வாசித்தால் கெட்டது எந்த மரபணு என்று தெரிந்துவிடும். அராபிடாப்சிஸில் அந்தத் துண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. சர்க்கரைக் கரைசலில் அதைக் கலந்து, பூங்கொத்தைத் தலைகீழாகச் சில நொடி முக்கி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். துண்டு எங்கே போய் உட்காரும் என்பது கிட்டத்தட்ட குருட்டாம்போக்கு. அதனால்தான் ஏராளமான செடிகள் தேவைப்படுகின்றன. 2003இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகக் குழு 2,25,000க்கும் மேற்பட்ட செருகல்களை உருவாக்கி, 88,000க்கும் அதிகமானவற்றின் இடத்தைக் குறித்து வெளியிட்டது. 21,700க்கும் மேற்பட்ட மரபணுக்களில் செருகல் கிடைத்தது. உங்கள் வகுப்புக்கு ஒரு வரிசை கிடைக்கிறது என்றால் இப்படிப்பட்ட உழைப்பு பின்னால் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஒரே செடியில் துண்டு இரண்டு மூன்று இடத்தில் புகுந்திருக்கலாம். அதே மரபணு கெட்ட வேறொரு வரிசையிலும் அதே கோளாறு தெரிய வேண்டும், அல்லது நல்ல பிரதியைத் திருப்பிக் கொடுத்தால் செடி சரியாக வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை.

மரபணு கெட்டும் செடி நன்றாகவே இருப்பதும் உண்டு. அராபிடாப்சிஸில் பூவின் உறுப்புகள் உருவாக உதவும் செபலட்டா என்ற மரபணுக்கள் மூன்றில் எந்த ஒன்றைக் கெடுத்தாலும் பூ ஏறத்தாழ வழக்கம்போலவே இருக்கும். மூன்றையும் சேர்த்துக் கெடுத்தபோது, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் இருக்க வேண்டிய இடங்களிலும் புல்லி இதழ் போன்றவையே வந்தன. 2000இல் வெளியான முடிவு இது. ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் விளக்கேற்றிவிடுகிறார்.

உங்கள் 40 செடிகளின் கதை வேறு. நாலில் ஒன்று என்ற கணக்கில், அவற்றில் சுமார் 10 செடிகளில் இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லாதது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சோதனையில் பிழை இல்லை என்றால், அந்த மரபணு இல்லாமல் செடி உருவாகவே முடியவில்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் பார்த்த செழிப்பு பிழைத்தவற்றின் செழிப்பு. பயனற்றது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

முதலில், அந்த 40இல் ஒரு பிரதி கெட்டவை எத்தனை, முழுதும் நல்லவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு வந்தால் கரு இறந்திருக்கலாம். சரிபாதியாக வந்தால் மகரந்தத்திலோ சூலிலோ கோளாறு. பிறகு, அதே வரிசையில் ஒரு பிரதி கெட்ட செடியிலிருந்து முற்றாத பச்சைக் காய் ஒன்றைப் பறித்து, நுண்ணோக்கியின் அடியில் ஊசியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். பச்சை விதைகளுக்கு நடுவே நாலில் ஒன்று வெளுத்துக் கிடந்தால் கரு பாதியில் நின்றிருக்கிறது. விதையே ஆகாத சின்னஞ்சிறு வெள்ளைப் புள்ளிகள் பாதி இடத்தில் இருந்தால் கோளாறு சூலில். காய் முழுக்க நன்றாக இருந்தால் மகரந்தத்தைப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.