வீட்டு நாய் போட்ட குட்டிகளில் பெட்டைகளை மட்டும் யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் எப்படி வீடு தேடுவது?

கடுவன்களைப் பற்றி யோசிக்க வேண்டாம், அவை தாமாகவே போய்விடும். கல்லடியில் எங்கள் வீட்டு மணி (பெட்டைதான், பெயர் வைத்தபோது யாரும் பார்க்கவில்லை) ஐந்து குட்டி போட்டபோது, கண் திறக்க முன்னமே மூன்று கடுவனுக்கும் ஆள் வந்துவிட்டது. மிச்சம் இரண்டையும் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சந்தையில கொண்டு விடு மகள், மீன் குடல் திண்டு பிழைச்சிரும்" என்றார். அப்படிப் பிழைத்த குட்டி ஒன்றையும் நான் கண்டதில்லை. அங்கே ஒவ்வொரு மூலைக்கும் ஏற்கெனவே ஒரு பெரிய நாய் இருக்கிறது.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். ஒரு கடுவனை ஐந்து கிழமையிலேயே கொடுத்துவிட்டேன். பத்தாம் நாள் இரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று நோய். அந்த வீட்டில் முந்தைய மாதம்தான் இன்னொரு நாய் அதே மாதிரிச் செத்திருக்கிறது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் வாங்க வருபவரிடம் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, "உங்கட பழைய நாய் எப்படிச் செத்தது?" என்பதுதான். எட்டுக் கிழமை வரை குட்டி தாயோடு இருக்கட்டும். இரண்டாம் கிழமையிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முதல் பார்வோ ஊசி. இதற்கு மிருக வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது, எப்போது எங்கே என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேளுங்கள்.

சரி, பெட்டைகள். சனம் பெட்டையை வெறுக்கவில்லை, அது போடப்போகும் குட்டிகளுக்குத்தான் பயப்படுகிறது. பயமும் நியாயம்தான்: ஆறு மாதம் தாண்டினால் பருவத்துக்கு வந்துவிடும், சினைப்பட்டால் இரண்டே மாதத்தில் குட்டி. அதனால் நான் குட்டியின் அழகைப் பேசுவதை விட்டுவிட்டு, "ஆறு மாதத்தில நானே ஓட்டோ பிடிச்சு வந்து குட்டி போடாம இருக்க ஆப்பரேஷனுக்குக் கூட்டிப் போறன், காசும் என்ர பொறுப்பு" என்றேன். அதற்குப் பிறகுதான் ஆட்கள் நின்று கேட்கத் தொடங்கினார்கள்.

முகநூலிலும் போட்டேன். இதயமாக வந்து குவிந்தது, ஆள் ஒருவரும் வரவில்லை. ஆளைக் கண்டுபிடித்தது ஓட்டோவில் பாண் விற்கும் தம்பி. விடிய ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை எல்லா ஒழுங்கைக்குள்ளும் பாட்டோடு போகிறவர். எந்த வீட்டில் குரைப்புச் சத்தம் நின்றுபோனது என்று அவருக்குத் தெரியும். ஆரையம்பதியில் நாயை இழந்த ஒரு ஆசிரியை வீட்டுக்கு முதல் பெட்டை அவர் சொல்லித்தான் போனது.

இரண்டாவதை, வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள், இருவரும் வயல் வாடிக் (காவல் குடிசை) காவலுக்கு. வேளாண்மை விளையும் காலத்தில் யானையும் பன்றியும் வரும், இரவில் குரைக்க ஒரு நாய் வேண்டும். இதில் கவனமாக இருங்கள். அறுவடை முடிந்ததும் வாடி வெறுமையாகிவிடும். "வெட்டு முடிஞ்ச பிறகு இவ எங்க இருப்பா?" என்று கேட்டேன். ஒருவர், "அங்கினதான் கிடக்கும்" என்றார். மற்றவர் கொஞ்ச நேரம் யோசித்து, "மோட்டார்சைக்கிள்ள பெட்டி கட்டி வீட்ட கொண்டு வருவன்" என்றார். அவரிடம் கொடுத்தேன். போய்ப் பார்த்தேன், பெட்டி உண்மையாகவே கட்டியிருந்தார், தக்காளிப் பெட்டி.

கடைசியாக, பால் மறந்ததும் தாய்க்கும் ஆப்பரேஷன் செய்துவிடுங்கள். நான் காசைப் பார்த்துத் தள்ளிப்போட்டேன். மணி மறுபடியும் நாலு போட்டது, அதில் மூன்று பெட்டை. பாண் தம்பி இப்போது எங்கள் வீட்டு வாசலில் ஓட்டோவை மெதுவாக்குவதே இல்லை.