பத்துச் சான்றிதழ் வாங்கியும் ஒன்றும் மனதில் நிற்கவில்லையா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வருமான வரி வேலை பார்க்கிறேன். 12 வருட அனுபவம். ஆபீஸில் கொடுத்த ஆன்லைன் வகுப்புகளை எல்லாம் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன், ஆனால் ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. சந்தேகம் வந்தால் சாட்ஜிபிடியிடம் கேட்டு வேலையை முடித்துவிடுகிறேன். இப்படியே போனால் என் வேலை நிலைக்குமா? நான் என்ன படிக்க வேண்டும்?

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் கோளாறு எதுவும் இல்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு தடவை படித்தார்கள், இன்னொரு பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது இரண்டு தடவை படித்த பகுதிதான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றதில் 42. உங்கள் சான்றிதழ் அந்த ஐந்தாவது நிமிடத்தில் கிடைப்பது. அதனால் வீடியோ முடிந்ததும் மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள், நான்கு நாள் கழித்து மறுபடியும் எழுதுங்கள்.

சாட்ஜிபிடியை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் பார்த்தபோது, கேட்டதும் விடை தரும் கருவியோடு பயிற்சி செய்தவர்கள் அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, கருவியையே தொடாதவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் தந்த கருவியில் அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆகவே முதலில் உங்கள் பதிலை எழுதுங்கள், அப்புறம் "இதில் எங்கே தப்பு" என்று கேளுங்கள். இதற்கு உங்கள் துறையிலேயே நல்ல களம் இருக்கிறது. 1961-ன் வருமான வரிச் சட்டம் போய் 2025-ன் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை, சேமிப்புக்கு வரிக்கழிவு தரும் 80சி பிரிவு இப்போது 123, வரி கணக்கிடும் ஆண்டைக் குறித்த அசெஸ்மென்ட் இயர் என்ற சொல்லே போய் டாக்ஸ் இயர் வந்துவிட்டது. பழைய எண்கள் விரல் நுனியில் இருக்கும் சீனியரும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. என்ன படிப்பது என்று கேட்டீர்களே, இதிலேயே ஆரம்பிக்கலாம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் சேரும் பையன், பற்றவைக்கும்போது தீயை எப்போது விலக்குவது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பிடித்துக்கொள்கிறான். ஆபீஸ் வேலையும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்த புதிதில், அங்கிருந்த அண்ணன் ஒருவர் பேலன்ஸ் ஷீட்டை வாங்கியதும் லாபத்தைப் பார்க்க மாட்டார், ரொக்கக் கையிருப்பைத்தான் பார்ப்பார். யாரும் காரணம் சொல்லித் தரவில்லை. சின்ன மளிகைக் கடையின் கணக்கில் அவ்வளவு ரொக்கம் நிற்கிறது என்றால் எங்கோ செலவு பதியாமல் விட்டிருக்கிறார்கள் என்பது, அவர் கடைக்காரரிடம் போனில் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கி எனக்கே புரிந்தது. வீட்டிலிருந்து வேலை என்று ஆனபின் அந்தப் பக்கத்து நாற்காலி போய்விட்டது, அதை எந்த வீடியோவும் ஈடுகட்டவில்லை.

அதை நீங்களே கேட்டு வாங்க வேண்டும். உங்களைவிட மூத்தவர் ஒருவரிடம், வாரம் அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்துகொண்டு அவருடைய நிஜ ஃபைலைப் பார்க்கச் சொல்லுங்கள். பாடம் நடத்த வேண்டாம், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொன்னால் போதும். அதேபோல் நீங்கள் வேலை பார்க்கும்போது ஒரு ஜூனியரை உட்கார வையுங்கள், ஏனென்றால் 12 வருடத்தில் உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அந்தப் பிள்ளை "ஏன் அக்கா?" என்று கேட்கும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். மேலாளர் நேரம் இல்லை என்றால், வீடியோவுக்கு ஒதுக்கிய பயிற்சி நேரத்திலிருந்து மாதம் நான்கு மணி நேரத்தை இதற்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.